படுக்கையில் இறந்த பட்டாளத்தார்

சண்டையில் செத்தவனுக்குத்தான் குண்டு முழங்க வேண்டும். பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்து, வயதாகிப் போய்ச் சேர்ந்தவருக்கு எதற்குக் கொடியும் பிகிலும்? தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கம் முன்னாள் ராணுவத்தினர் ஒருவரின் துட்டி வீட்டுக்குப் போனால், பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவராவது இதைச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, உலக நியாயம் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். இதன் கூடப் பிறந்த நியாயம் இன்னொன்றும் உண்டு. மனுஷன் உயிரோடு இருக்கும்போது அவர் சாவைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது, பேசினால் பலித்துவிடும் என்பது அது. முதல் பேச்சு அரசாங்கத்தின் பொறுப்பைக் கழற்றிவிடுகிறது, இரண்டாவது குடும்பத்தின் வாயைக் கட்டிவிடுகிறது. கடைசியில் அந்த மனிதர், தன் வாழ்நாளின் நல்ல வருடங்களைக் கொடுத்த வேலையின் அடையாளம் ஒன்றுகூட மேலே இல்லாமல் மயானத்துக்குப் போகிறார். இந்த இரண்டு நியாயங்களையும் நான் ஏற்கவில்லை.

2022-ல் அக்னிபத் திட்டம் வரும் வரை, சிப்பாயாகச் சேர்ந்தவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தார்கள். பதினைந்து வருடம் முடித்தால் அவர்களுக்கு ஓய்வூதியத் தகுதி வந்துவிடும். பெரும்பாலோர் நாற்பதை ஒட்டி ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வங்கி வாசலில் காவலாளியாக நிற்கிறார்கள், மில்லில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறார்கள், அப்பா விட்டுப்போன வயலில் இறங்குகிறார்கள். இன்னும் முப்பது, நாற்பது வருடம் வாழ்ந்து சர்க்கரையிலோ மாரடைப்பிலோ இறக்கிறார்கள். ராணுவ வீரரின் சாவு என்பது பெரும்பாலும் இந்தச் சாவுதான். எல்லையில் நேர்கிற சாவு அபூர்வமானது. அபூர்வமானதற்கு மட்டும் மரியாதை என்று வைத்துக்கொண்டால், படையில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிறது.

போரில் இறந்தவரும் பிழைத்து வந்தவரும் கையெழுத்துப் போட்டது ஒரே தாளில். நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்துக்குப் போகும் பையன், மீசை முழுசாக முளைக்கும் முன்பே, தான் செத்தால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறான். குடும்பத்தார் பெயர்களை வரிசையாக நிரப்புகிறான். போகச் சொன்ன இடத்துக்குப் போவேன், உயிர் போனாலும் போகட்டும் என்று ஒத்துக்கொள்கிறான். அதற்கப்புறம் குண்டு யார் மேல் பட்டது, யாரைத் தாண்டிப் போனது என்பது அவன் கையில் இல்லை. ஒரே பதுங்குகுழியில் இருந்த இரண்டு பேரில் ஒருவன் திரும்பவில்லை, மற்றவன் அறுபது வயதில் கடையத்தில் இறந்தான் என்றால், இரண்டாமவன் கொடுத்த வாக்குக் குறைந்துபோகுமா? கொடுத்த வாக்குக்குத்தான் மரியாதை. குண்டு பட்டதா என்று பார்த்துக் கொடுப்பதென்றால், நாம் அவனுடைய தலைவிதிக்கு மரியாதை செய்கிறோம் என்று அர்த்தம்.

சொந்த ஊரில் ராணுவ மரியாதையோடு அடக்கம் என்பது காலங்காலமாக வரும் வழக்கம், அதைக் கண்டபடி நீட்டக் கூடாது என்பார்கள். அது அவ்வளவு பழைய வழக்கம் இல்லை. 1962, 1965, 1971 போர்களில் இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் போர்முனைக்குப் பக்கத்திலேயே காரியம் முடிந்தது. ஊருக்கு வந்தது தந்தி. பிறகு அவருடைய சாமான்கள் வந்தன. முகம் பார்க்காமலேயே தாலி கழற்றிய பெண்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் இருந்தார்கள். 1999 கார்கில் போரின்போதுதான் உடல்களை அவரவர் ஊருக்கே அனுப்பிவைப்பது பரவலானது. தேசியக் கொடி போர்த்திய பெட்டியும் அதன் பின்னால் திரண்ட ஊரும் தொலைக்காட்சியில் வந்தன. இப்போது நாம் வழக்கம் என்று சொல்வது அன்றைக்கு ஒரு அரசாங்கம் எடுத்த முடிவு. கால் நூற்றாண்டுக்கு முன் ஒரு படி விரித்ததை இன்றைக்கு இன்னொரு படி விரிக்கலாம்.

எல்லையில் இறந்தவருக்குக் கொடுத்ததை நான் குறைத்துப் பேசவில்லை. 2020 மே 4 அன்று காஷ்மீரின் ஹந்துவாராவில் நடந்த தாக்குதலில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் சந்திரசேகர் இறந்தார். செங்கோட்டை அருகே மூன்றுவாய்க்கால் அவர் ஊர். தென்காசி தனி மாவட்டமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஊரடங்கு வேறு; ஆனாலும் அவருக்கு மரியாதை நடந்தது. அடுத்த மாதம் லடாக்கின் கல்வான் மோதலில் இறந்த ஹவில்தார் பழனியின் உடல் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூருக்கு வந்தது, ராணுவ மரியாதையோடு அடக்கமானது. இந்த மரியாதைகளில் ஒரு இம்மியும் குறையக் கூடாது. எல்லோருக்கும் கொடுத்தால் தியாகிக்குக் கொடுப்பது மலிந்துவிடும் என்கிறார்களே, அதற்குத்தான் என் பதில். தியாகிக்கு முழு அணியும் மூன்று சுற்று வேட்டும் இருக்கட்டும். ஓய்வு பெற்று இறந்தவருக்குச் சீருடையில் இரண்டு பேர், ஒரு கொடி, ஒரு பிகில் என்று இருக்கட்டும். கோவிலில் தேர்த் திருவிழா நடக்கிறது என்பதற்காக நித்திய பூஜையை யாரும் நிறுத்துவதில்லை.

பணியில் இருக்கும்போது இறப்பவருக்கு ராணுவ மரியாதை உண்டு. ஓய்வுக்குப் பின் இறக்கும் சாதாரண சிப்பாய்க்கும் நாயக்குக்கும் ஹவில்தாருக்கும் அதை உரிமை என்று கேட்டு வாங்க முடிவதில்லை. பக்கத்தில் படைத்தளம் இருந்து, அதிகாரி ஒருவர் மனது வைத்தால் மலர்வளையம் வரும். சில ஊர்களில் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தார் பெரே தொப்பியும் பதக்கமும் அணிந்து வந்து, வரிசையாக நின்று சல்யூட் அடிக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது தோழமை. கடமைப்பட்டது அரசாங்கம்.

கொடி விஷயத்தில் இது இன்னும் கசக்கிறது. தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம், அரசு மரியாதை, ராணுவ மற்றும் துணை ராணுவ மரியாதை இறுதிச் சடங்குகள் தவிர வேறெங்கும் தேசியக் கொடியைப் போர்வையாகப் போர்த்துவதைக் குற்றம் என்கிறது. மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். 2021-ல் உத்தரப் பிரதேசத்தின் பிலிபித்தில், விவசாயிகள் போராட்டத்துக்குப் போய் விபத்தில் இறந்த ஒருவரின் உடலுக்குக் கொடி போர்த்தியதற்காக அவர் வீட்டார் மீதே வழக்குப் பதிந்தார்கள். கொடிக்கு மரியாதை வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. காவி நிறம் தலைமாட்டில் வர வேண்டும், கொடியைக் குழியில் இறக்கக் கூடாது, சிதையில் எரிக்கக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு சொல்வது அத்தனையும் சரி. ஆனால் இருபது வருடம் தினம் காலையில் அந்தக் கொடிக்கு விறைத்து நின்ற ஒருவர் இறந்தபின், அவர் மகன் ஆசையாகக் கொடி போர்த்தினால் அது சட்டப்படி குற்றமாகிவிடலாம். அதே சட்டத்துக்குள்ளேயே வழியும் இருக்கிறது. அரசு மரியாதை என்று மாநில அரசு ஒரு ஆணை போட்டால் கொடி போர்த்துவதற்குத் தடை இல்லை.

ஆணை போட முடியுமா என்று கேட்பவர்கள் 2023 செப்டம்பர் 23-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். உறுப்பு தானம் செய்து இறப்பவர்களின் இறுதிச் சடங்கு இனி அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழக முதல்வர் அன்றைக்கு அறிவித்தார். அடுத்த சில நாளிலேயே தேனி மாவட்டத்தில் அது நடந்தது. அமைச்சர் வீட்டுக்கோ தலைவர் வீட்டுக்கோ இல்லை, சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்கு அரசு மரியாதை போனது. உறுப்பு கொடுத்தவரை வணங்கத் தெரிந்த அரசுக்கு, உயிரையே கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவரை வணங்குவது புதிய வேலை இல்லை.

செலவு என்பார்கள். அமெரிக்காவில் 2000 ஜனவரி 1 முதல் இது சட்டம். ஒழுங்கீனத்துக்காகத் துரத்தப்படாமல் பணி முடித்த எந்தப் படைவீரர் இறந்தாலும், குடும்பத்தார் கேட்டால் சீருடையில் குறைந்தது இரண்டு பேர் வர வேண்டும். அதில் ஒருவராவது, தரைப்படையோ கடற்படையோ, இறந்தவர் இருந்த படையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். கொடியை மடித்து மனைவி கையிலோ பிள்ளை கையிலோ கொடுக்க வேண்டும், பிகில் இசைக்க வேண்டும். ஊத ஆள் இல்லையென்றால் பதிவு செய்த இசை போதும். இரண்டாம் உலகப் போரில் இருந்தவர்கள் கூட்டங்கூட்டமாக இறந்துகொண்டிருந்த காலத்தில் போட்ட சட்டம் அது. படைவீரர் கல்லறையில் இடம் கிடைக்குமா என்று உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பித்துத் தெரிந்துகொள்ளவும் அங்கே ஏற்பாடு உண்டு. பணக்கார நாடு, அதனால் செய்கிறது என்று இதைத் தள்ளிவிட முடியாது. இரண்டு காவலர்களும் ஒரு கொடியும் எந்த மாவட்டத்துக்கும் பெரிய செலவில்லை.

ஆனால் அரசு ஆணை மட்டும் போட்டால் தென்காசியில் வேலை நடக்காது. இங்கேதான் இரண்டாவது நியாயம், முன்கூட்டிப் பேசக் கூடாது என்கிற நியாயம், முட்டுக்கட்டையாக வருகிறது. நமக்குக் கிட்டத்தில் இருக்கும் ராணுவ முகாம் திருவனந்தபுரம் பாங்கோடு. நூறு கிலோமீட்டருக்கு மேல். தென்மலை, ஆரியங்காவு தாண்டி, புளியரை இறக்கத்தில் லாரிகளின் பின்னால் ஊர்ந்துதான் வர வேண்டும். கடற்படை என்றால் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். ஆடி மாதம் சாரல் பிடித்துவிட்டால் தென்காசி முதல் குற்றாலம் வரை வண்டி நகராது. இறந்தவர் பொட்டல்புதூரிலோ கடையநல்லூரிலோ ஒரு இஸ்லாமியர் என்றால், காலையில் இறந்தவரை அன்றைக்கே மையவாடியில் அடக்கிவிடுவார்கள். ஜமாத்திலிருந்து சந்தூக் வந்துவிடும், கபன் துணி தயாராக இருக்கும், ஒரு மணி நேரம்கூட வீணாகாது. இந்துக் குடும்பத்திலும் பிள்ளைகள் பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வரத்தான் பிரீசர் பாக்ஸ்; அவர்கள் வந்து இறங்கிய மறு நிமிடம் நீர்மாலைக்குக் கிளம்பிவிடுவார்கள். இந்தச் சில மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் போக வேண்டும், அவர்கள் சரிபார்க்க வேண்டும், ஆள் அனுப்ப வேண்டும். சர்வீஸ் நம்பர் தெரியாமல் இதில் ஒன்றும் நடக்காது.

மேலகரம் பக்கம் ஒரு துட்டி வீட்டில் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சங்கத்துக்காரர் ஒருவர் மலர்வளையத்தோடு வந்து, மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அப்பா நம்பர் என்ன? எந்த பட்டாலியன்?" என்று கேட்டார். மகனுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் அம்மாவின் காதருகே குனிந்தார். "எனக்கு என்ன தெரியும் ராசா, அவுகளுக்குத்தான் தெரியும். பெட்டியில பாரு" என்றார் அந்த அம்மா. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டால் எழுதிய நம்பர் பாதி உரிந்துபோயிருந்தது. சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருந்தது, குளிப்பாட்டும்போது அதை யாரோ அறுத்து வைத்துவிட்டார்கள், யார் என்று தெரியவில்லை. கடைசியில் பூட்டை உடைத்தார்கள். பாச்சை உருண்டை வாசத்தோடு ஒரு பச்சை ஜெர்சி, அதற்கடியில் பாலிதீன் பையில் சுற்றிய டிஸ்சார்ஜ் புத்தகம், ரிப்பன் மங்கிய பதக்கங்கள். புத்தகத்தைக் கையில் எடுத்த நேரம் வாசலில் சங்கு ஊதிவிட்டார்கள். பதக்கங்களை நெஞ்சில் வைக்கக்கூட இல்லை. அந்தப் புத்தகத்தில் மனைவியின் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருந்தது, ஆதாரில் பள்ளிக்கூடப் பெயர். குடும்ப ஓய்வூதியத்துக்காக அந்த அம்மா இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைந்ததைப் பின்னால் கேள்விப்பட்டேன்.

இதையெல்லாம் அவர் இருக்கும்போது ஒரு மத்தியானம் உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? அபசகுனமாம். எந்தக் காலத்திலிருந்து அது நமக்கு அபசகுனம் ஆனது? கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, இன்னும் வந்து சேராத பிசிராந்தையாருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். எங்கே இறப்பது, யார் பக்கத்தில் கிடப்பது என்று நாள் குறித்து ஏற்பாடு செய்த அரசனைப் புலவர்கள் பாடினார்கள், அபசகுனம் என்று வாயைப் பொத்தவில்லை. போரில் இறந்தவனுக்குக் கல் நடுவதற்குக் கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படி வகுத்தது தொல்காப்பியம். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் வீட்டுக் கிழவிகள் காட்டுச் செலவுக்கு என்று முந்தானையில் முடிந்து வைத்தார்கள், அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தார்கள். பிள்ளைகளிடம் கடன்படாமல் போக வேண்டும் என்பது அவர்கள் வைராக்கியம். "என்னைத் தாத்தா பக்கத்துல போடுங்கலே" என்று பேரன்களிடம் சத்தமாகச் சொன்னார்கள். சாவைப் பேசாதே என்பது பழைய பண்பாடே இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நிமிடம்வரை குழாய் செருகி, அதற்கப்புறம் எல்லாவற்றையும் போனில் ஏற்பாடு செய்யும் இன்றைய வழக்கத்தோடு வந்து ஒட்டிக்கொண்ட பயம் அது.

பட்டாளத்தாரிடம் அந்தப் பயத்தைக் காட்டுவது இன்னும் பொருத்தமில்லாதது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் போர்முனையில் இருக்கும் சிப்பாய்க்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு வாயாலேயே அவர் உயில் சொல்லலாம். மற்றவர்களிடம் அந்தச் சட்டம் பொதுவாக எழுத்து, கையெழுத்து எல்லாம் கேட்கிறது. சாவைப் பற்றி முன்கூட்டியே பேச வேண்டிய மனிதன் இவன் என்று சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது. இருபது வயதில் பனியில் நின்றுகொண்டு அதைப் பேசியவரை, எழுபது வயதில் சொந்த வீட்டுத் திண்ணையில் "அதெல்லாம் பேசாதீங்கப்பா" என்று அடக்குகிறோம். அவர் பேசத் தயாராகத்தான் இருக்கிறார். கேட்க நமக்குத்தான் தைரியம் இல்லை.

பேச வேண்டியதும் பெரிய சமாச்சாரம் இல்லை. டிஸ்சார்ஜ் புத்தகமும் ஓய்வூதிய ஆணையும் எங்கே இருக்கின்றன, மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா, ஸ்பர்ஷ் என்னும் இணைய ஓய்வூதியக் கணக்கை யார் திறக்கத் தெரிந்தவர், ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறதா என்பதுதான். இதில் மனைவி பெயர் ஒன்றை மட்டும் இன்றைக்கே சரிபார்த்துவிட்டால்கூடப் போதும், பாதித் துன்பம் தீரும். கணவர் இருக்கும்போது அவர் ஒரு விண்ணப்பத்தில் திருத்தக்கூடிய எழுத்துப் பிழைக்கு, அவர் போன பிறகு கைம்பெண் பல அலுவலகம் ஏற வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்று இறந்தவரின் மனைவிக்கு, ஏழாண்டு அல்லது இறந்தவருக்கு 67 வயது நிறைந்திருக்க வேண்டிய நாள், இதில் எது முந்தியோ அதுவரை கடைசிச் சம்பளத்தில் பாதி, பிறகு 30 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அவர் கடையில் கடன் சொல்லிச் சாப்பிட வேண்டிய மாதம். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலர், ஊர் பெரிதென்றால் பேரூராட்சி, நகராட்சி. வருடம் ஒன்று தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போக வேண்டிவரும். கண் தானம் செய்ய ஆசைப்பட்டவர் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், அந்த ஆசை வீட்டாருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எரிப்பதா புதைப்பதா, எங்கே என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம். தன் வயலிலேயே அடக்கமாக வேண்டும், சின்னதாக ஒரு நினைவுக்கல் வேண்டும் என்று பல பட்டாளத்தார் மனசுக்குள் வைத்திருக்கிறார்கள். மயானமாகப் பதிவாகாத இடத்தில் உரிமம் இல்லாமல் புதைக்கக் கூடாது என்கின்றன கிராம ஊராட்சி விதிகள். துட்டி விழுந்த வீட்டில் ஓடி அலைந்து வாங்கக்கூடிய உரிமம் இல்லை அது. ஊட்டியில் பார்சி மயானத்தில் பீல்ட் மார்ஷல் மானெக்‌ஷா, தனக்கு ஏழு வருடம் முன்பே இறந்த மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் கிடக்கிறார். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் அவர் இறந்தபோது குடியரசுத் தலைவரோ பிரதமரோ பாதுகாப்பு அமைச்சரோ இறுதிச் சடங்குக்கு வரவில்லை, அதுபற்றி நாடெங்கும் மனக்குறை எழுந்தது. 1971 போரை வென்ற தளபதிக்கே அப்படி. ஆனாலும் அவர் கிடக்க வேண்டிய இடத்தில் கிடந்தார், சீருடைக்காரர்கள் முறையாகச் செய்தார்கள், ஏனென்றால் அவர் இறந்த இடமே படைவீடு. மூன்றுவாய்க்காலிலும் வாசுதேவநல்லூரிலும் இறப்பவருக்குப் பக்கத்தில் வெலிங்டன் இல்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

முன்னேற்பாடு என்றதும் இது காசு பிடுங்கும் பேக்கேஜ் வியாபாரம் என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. நகரங்களில் பிரீசர் பாக்ஸ், வண்டி, புரோகிதர், மாலை, பிளெக்ஸ் எல்லாம் சேர்த்து ஒரே தொகை சொல்லும் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஏற்பாடே செய்யாத வீடுதான் அவர்களுக்கு வசதி. அழுதுகொண்டிருக்கும் மகன் விலை கேட்க மாட்டான். அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி உண்டு என்பதே தெரியாமல் தனியார் வண்டிக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. படையில் ஒரே லங்கரில் சாப்பிட்டு, ஒரே பாரக்கில் படுத்தவர்கள் இறந்த பிறகு அவரவர் சாதிச் சுடுகாட்டுக்குப் போகிறார்கள். இந்த மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் மயானமும் தனித்தனி, அதற்குப் போகும் பாதையும் தனித்தனி. சாதி வேறுபாடு இல்லாத மயானம் உள்ள சிற்றூருக்கு 10 லட்சம் ரூபாய் பரிசு என்று அரசு அறிவிக்க வேண்டிய நிலையில்தான் இருக்கிறோம். ஓய்வு பெற்று இறந்தவருக்கும் கொடியும் சீருடையும் வர வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம். எந்தத் தெரு வழியாகப் பிணம் போகலாம் என்று ஊர் கணக்குப் பார்க்கும் இடத்தில், கொடி போர்த்திய உடலையும் முன்னால் நடக்கும் சீருடைக்காரரையும் நிறுத்திக் கேள்வி கேட்க யாருக்கும் எளிதில் வாய் வராது.

கல்லறையில் வித்தியாசம் கூடாது என்று நூறு வருடம் முன்பே எழுதி வைத்தவர்கள் உண்டு. 1917-ல் தொடங்கிய பிரிட்டிஷ் போர்க் கல்லறை ஆணையம், தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்று முடிவு செய்தது. சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையில் நடந்து பார்த்தால் அது தெரியும், எண்ணூற்றுக்கும் மேற்பட்ட கற்கள் ஒரே உயரத்தில் நிற்கின்றன. ஆனால் அந்தக் கொள்கையை அவர்கள் எல்லோருக்கும் காப்பாற்றவில்லை. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் பல்லாயிரக் கணக்கில் தனிக் கல் இல்லாமல், இன்னும் பலர் பெயர்கூட இல்லாமல் விடப்பட்டார்கள் என்று 2021-ல் அந்த ஆணையமே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. வெள்ளைக்காரன் நம் சிப்பாயைத் தரம் பிரித்தான் என்று கோபப்படுகிற நாம், இன்றைக்கு நம் சிப்பாயை எங்கே செத்தான் என்று பார்த்துத் தரம் பிரிக்கிறோம். துணை ராணுவப் படைகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் முன்னாள் படைவீரர் என்ற பட்டியலிலேயே வருவதில்லை. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருடம் முடித்து வெளியே வருபவருக்கும் ஓய்வூதியம் கிடையாது, அந்தத் தகுதியும் கிடையாது. இந்தப் பிரிவினைகள் கூடிக்கொண்டே போகின்றன.

கடைசியாக, பட்டாளத்தாரே சொல்லும் மறுப்பு ஒன்று இருக்கிறது. "எனக்கு எதுக்கு அதெல்லாம்? ரெண்டு பிள்ளையளும் நாலு சொந்தக்காரங்களும் வந்தாப் போதும்" என்பார்கள். அந்த அடக்கத்துக்குத் தலை வணங்குகிறேன், ஆனால் அதை ஏற்க மாட்டேன். அவர் லடாக்கிலும் நாகாலாந்திலும் இருந்த வருடங்களில் இங்கே மாமியாரையும் கைக்குழந்தையையும் வயலையும் ஒற்றையாளாகப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். கடிதம் வராத வாரங்களை எண்ணியவர் அவர். சீருடைக்காரர் ஒருவர் விறைத்து நின்று மடித்த கொடியை நீட்டும்போது அதை வாங்க வேண்டியவர் அவர். தனக்கு வேண்டாம் என்று சொல்ல கணவருக்கு உரிமை உண்டு, மனைவிக்குச் சேர வேண்டியதையும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று குறைதீர் கூட்டம் நடத்துகிறார்கள். தென்காசி மாவட்டத்துச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து அடுத்த கூட்டத்தில் ஒரே மனுவாகக் கொடுக்கட்டும். ஓய்வு பெற்ற எந்த வீரர் இறந்தாலும், முப்படையோ துணை ராணுவமோ, அரசு மரியாதை என்று மாநில அரசு ஆணையிட வேண்டும். விரும்பும் ஒவ்வொருவரும் உயிரோடு இருக்கும்போதே கணவன் மனைவி இருவர் கையெழுத்தோடு தங்கள் விவரத்தையும் விருப்பத்தையும் ஒரு தாளில் எழுதித் தர, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் அந்தந்தக் காவல் நிலையத்திலும் அது பதிவாக வேண்டும். தகவல் வந்த இரண்டு மணி நேரத்துக்குள், சாரல் பெய்தாலும் சரி, குற்றாலச் சீசன் கூட்டம் நின்றாலும் சரி, அந்தக் காவல் நிலையத்திலிருந்தே சீருடையில் இரண்டு பேர் கொடியோடு அந்த வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும்.